புலமைக் களவும் புகழ்பெற்றோர் பொறுப்பும்

களவு என்னும் குற்றம் எல்லாச் சமுதாயங்களிலும் கடியப்பட்டு வந்த குற்றமாகும். பொன்னைக் கவர்ந்தவனும் நெல்லைக் கவர்ந்தவனும் அகப்பட்டவிடத்து மன்றத்தில் நிறுத்தப்படுகின்றனர். ஆயின், ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம்முடையதென வெளியிடும் புலமைக் களவுக்கு அத்தகைய மன்றம் எளிதில் அமைவதில்லை. பொன்னை இழந்தவன் வீட்டில் பொன் இராது. எழுத்தை இழந்தவன் வீட்டிலோ எழுத்து இருந்தபடியே இருக்கும். அவன் இழப்பது, அதனை ஆக்கியவன் என்னும் உரிமையையும் அவ்வுரிமையால் வரவேண்டிய மதிப்பையுமே. கண்ணாற் காணவொண்ணாத இவ்விழப்பை எடுத்துக்காட்டி வழக்குரைப்பது அரிது.

கவர்ந்தவர் பெயரறியாத ஒருவராயின், உலகம் அவரை இகழ்ந்து விரைவில் மறந்துவிடும். அவர் நாடறிந்த கவிஞராகவோ பேரறிஞராகவோ இருப்பின் நிலைமை வேறாகின்றது. ஒரு சாரார், பெரியோர்மேற் பழி கூறுதல் அடாது என்று கூறி வாயடைத்துவிடுவர். மற்றொரு சாரார், உயர்ந்தவர் வீழ்வதைக் காணும் மகிழ்ச்சியினால், சான்று தேடாமலே தண்டனை வழங்கிவிடுவர். இவ்விரு பிழைகளுக்கும் நடுவே நீதி செல்லும் வழி யாது? மேனாட்டு இலக்கிய வரலாற்றில் நிகழ்ந்த சில வழக்குகள் இவ்வினாவிற்கு விடை தருவன.

மிகப் பழைய வழக்கு ஒன்று எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரைச் சேர்ந்தது. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞரான விற்றுவியஸ், தமது நூலின் ஏழாம் பகுதி முன்னுரையில் இதனைக் கூறியிருக்கின்றார். தொலமி மன்னன் கவிஞர்க்கு ஒரு போட்டி நடத்தினான். நடுவர் எழுவர் வேண்டியிருந்தது. அறுவர் கிடைத்தனர். ஏழாமவராக, அந்நகரின் பெரிய நூலகத்திலிருந்த நூல்களையெல்லாம் நாள்தோறும் வரிசையாகக் கற்றுவந்த அரிஸ்தோபனிஸ் என்பவரை அமர்த்தினர். இவர் பைசாந்தியம் என்னும் ஊரினர். நகைச்சுவை நாடகங்கள் இயற்றிய அரிஸ்தோபனிஸ் வேறு, இவர் வேறு.

கவிஞர் ஒருவர்பின் ஒருவராகப் பாடினர். அவையோர் ஆரவாரஞ் செய்து தம் விருப்பைக் காட்டினர். நடுவர் அறுவரும் அவ்வாரவாரத்தையே பின்பற்றித் தீர்ப்புரைத்தனர். அரிஸ்தோபனிஸ் மாத்திரம், அவையோர் மிகக் குறைவாக விரும்பிய ஒருவனுக்கே முதற்பரிசு உரியதென்றார். மன்னனும் மக்களும் சினங்கொண்டனர். அவரோ அமைதியாக எழுந்து, இவன் ஒருவனே கவிஞன், ஏனையோர் பிறர் பாக்களை ஒப்பித்தவர், நடுவர் ஆராயவேண்டியது சொந்த ஆக்கத்தையன்றிக் களவை அன்று என்றார். மன்னன் ஐயுற்றான். உடனே அவர் தம் நினைவாற்றலையே துணையாகக் கொண்டு, நூலகத்தின் குறித்த பேழைகளிலிருந்து ஏடுகள் பலவற்றை வருவித்து, பாடப்பட்ட பாக்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். பாடியவர்கள் தம் களவைத் தாமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவர்கள்மீது களவு வழக்குத் தொடருமாறு பணித்த மன்னன், அவர்களை இழிவுபடுத்தி வெளியேற்றினான். அரிஸ்தோபனிஸை நூலகத்திற்குத் தலைவராக்கினான்.

இக்கதையில் வரும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் நடந்தவாறே கூறப்பட்டதோ என்பது ஒருபுறமிருக்க, இதில் அமைந்த நீதிமுறை கருதத்தக்கது. கூட்டத்தின் ஆரவாரம் சான்றாகவில்லை. நடுவரின் பெயரும் சான்றாகவில்லை. ஏட்டோடு ஏட்டை வைத்து ஒப்பிட்டதே சான்றாயிற்று. கதையைக் கூறிய விற்றுவியஸ், தமக்கு முன்னிருந்த ஆசிரியர்களுக்குத் தாம் பட்ட கடனையும் அதே முன்னுரையில் நன்றியோடு எடுத்துரைக்கின்றார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆங்கில மொழியில் இக்குற்றத்தைக் குறிக்கும் சொல்லும் உரோமாபுரியிலிருந்து வந்ததேயாகும். கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் இலத்தீன் கவிஞர், தம் பாக்களை வேறொருவன் தன்னுடையனவெனப் படித்துத் திரிவதை அறிந்து அவனை எள்ளிப் பாடினார். பிறருடைய பிள்ளைகளையும் அடிமைகளையும் கடத்திச் செல்பவனுக்கு வழங்கிய பெயரையே அவனுக்குச் சூட்டினார். தம் பாக்களைத் தாம் பெற்ற மக்களாகவே அக்கவிஞர் கருதினார் போலும். அச்சொல்லே பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் புலமைக் களவைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது.

தமிழரும் இக்குற்றத்தை அறியாதவரல்லர். பிறர் பாட்டைத் தன் பாட்டென உரைப்பவனைப் பாட்டியல் நூல்கள் கள்ளக்கவி என்றன. அதே வேளையில், முன்னோர் கூறியதை எடுத்தாளுவதெல்லாம் களவு என்று தமிழிலக்கணம் கொள்ளவில்லை. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாக வகுத்து, முன்னைய நூலைத் தழுவி எழும் நூலுக்கும் உரிய இடத்தை அளித்தது. ஆனால் அதற்கு ஒரு கடப்பாட்டையும் விதித்தது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைக் கூறவேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. ஆக்கியோன் பெயர் அவற்றுள் ஒன்று. வழி என்பது மற்றொன்று. இந்நூல் எதன் வழியாக வந்தது என்பதைக் கற்போர்க்கு மறையாமற் கூறுதலே அது. கம்பராமாயணப் பாயிரம், வடமொழியில் இராமகாதை செய்தோர் மூவருள் முதல்வரான வான்மீகியின் வழியைத் தழுவியதாக வெளிப்படக் கூறுகின்றது. அவ்வாறு கூறியதனால் கம்பர் புகழ் குன்றிற்றில்லை. ஆகவே, கொள்ளுதல் குற்றமன்று. வழியை மறைத்தலே குற்றம் எனலாம். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு ஆங்கில இலக்கியத்தின் இருபெரும் வழக்குகளை நோக்கலாம்.

முதல் வழக்கில் குற்றஞ் சாட்டப்பட்டவர் மில்றன். 1667ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சுவர்க்க நீக்கம் என்னும் காவியம் ஆங்கிலத்தின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. அவர் 1674இல் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர், 1747இல், வில்லியம் லோடர் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், இலண்டனில் வெளியான ஒரு திங்களிதழில் மில்றனைக் கள்ளர் என்று எழுதத் தொடங்கினார். பதினேழாம் நூற்றாண்டின் இலத்தீன் கவிஞர் சிலருடைய அடிகளை மில்றன் அப்படியே ஆங்கிலமாக்கித் தம் காவியத்தில் அமைத்துக்கொண்டார் என்பது அவர் கூற்று. இக்கூற்றை விரித்து அவர் எழுதிய நூல் 1750ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. ஜேர்மானியரான மாசன், ஒல்லாந்தரான ஸ்தாபோஸ்ற் முதலிய கவிஞர்களின் இலத்தீன் அடிகளும் மில்றனின் அடிகளும் அதிலே அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. கண்டோர் திகைத்தனர். ஆங்கில அகராதியை ஆக்கிப் பின்னர் பெரும் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன்கூட லோடரை நம்பினார். அந்நூலுக்கு முன்னுரையும் எழுதிக் கொடுத்தார்.

ஏடுகள் அருகருகே வைக்கப்பட்டன, சான்று காட்டப்பட்டது, பேரறிஞர் ஒருவர் துணைநின்றார். இனி என்ன வேண்டும் என்று உலகம் எண்ணிற்று. ஆனால், ஜோன் டக்ளஸ் என்னும் திருச்சபைக் குரு மற்றொரு படி மேலே சென்றார். பிற்காலத்தில் சோல்ஸ்பரி நகர் மேற்றிராணியாராக உயர்ந்தவர் இவர். லோடர் காட்டிய மேற்கோளை ஏற்று அமையாமல், அம்மேற்கோள் எடுக்கப்பட்டதாகக் கூறிய மூலநூல்களையே தேடிப் பார்த்தார். லோடர் காட்டிய அடிகள் அம்மூலநூல்களில் இல்லை! அவை வேறோரிடத்தில் இருந்தன. வில்லியம் ஹொக் என்பவர் 1690இல் மில்றனின் காவியத்தையே இலத்தீனில் மொழிபெயர்த்திருந்தார். அம்மொழிபெயர்ப்பின் அடிகளை எடுத்து, பழைய கவிஞர்களின் பாக்களிடையே லோடர் செருகியிருந்தார். மில்றனின் சொற்களே வேற்றுடை அணிந்து வந்து மில்றனுக்கு எதிராகச் சான்று பகர்ந்தன.

டக்ளஸ் 1750ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வுண்மையை வெளியிட்டதும், லோடரின் நூலை விற்ற வணிகர்கள் அவரைக் கைவிட்டனர். ஜோன்சனோ, தாம் ஏமாந்ததை மூடி மறைக்க முயலாமல், லோடரை அழைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைத் தாமே வாசகம் சொல்லி எழுதுவித்தார். அக்கடிதம் 1751இல் அச்சேறிற்று. லோடர் பின்னர் மேற்கிந்தியாவிலுள்ள பார்படோஸ் தீவுக்குச் சென்று, 1771இல் அங்கேயே இறந்தார். அவர் இவ்வாறு செய்தமைக்குக் காரணம் ஒன்று கூறுவர். ஆதர் ஜோன்ஸ்ரன் என்னும் ஸ்கொத்லாந்துக் கவிஞரின் இலத்தீன் சங்கீதங்களை 1739இல் அவர் பதிப்பித்துப் பள்ளிகளில் பரப்ப முயன்றார். கவிஞர் போப் தம் அங்கதப் பாட்டு ஒன்றில் ஜோன்ஸ்ரனை மில்றனுக்கு அருகே நிறுத்தித் தாழ்த்தினார். அதனால் தம் முயற்சி கெட்டதென்ற மனக்குறை, மில்றன்மேற் பகையாக முற்றிற்று என்பது அவர் தாமே பின்னர் கூறிய விளக்கம். பகை கொண்டவன் கையிற் கிடைத்த மேற்கோள் எத்துணை ஆபத்தானது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது. சாட்டுபவரின் சான்றையும் மூலத்தோடு வைத்துச் சோதித்த பின்னரே ஏற்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் விதியாகும்.

இரண்டாம் வழக்கு இதற்கு நேர் மாறானது. இதிலே குற்றச்சாட்டு உண்மையாயிற்று. குற்றஞ் சாட்டப்பட்டவரும் உண்மையான மேதையாவார். சாமுவேல் ரெய்லர் கோல்ரிட்ஜ் 1772இல் பிறந்தவர். 1798இல் வேட்ஸ்வேத்துடன் சேர்ந்து வெளியிட்ட பாத்தொகுதியினால் ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியவர். முதிய மாலுமி ஒருவன் தன் கதையைக் கூறுவதாக அமைந்த அவருடைய நெடும்பாட்டு, உலகெங்கும் ஆங்கிலம் கற்கும் மாணவர் அறிந்ததாகும். அவ்வாண்டிலேயே அவர் ஜேர்மனிக்குச் சென்று அம்மொழியைப் பயின்றார். கொற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் கேட்டார். ஆங்கிலேயருள் மிகச் சிலரே அந்நாளில் ஜேர்மன் நூல்களைப் படித்தவர்கள். இந்நிலையே அவருக்குப் பெருமையும் தந்தது, சோதனையும் தந்தது.

1802ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் நாள், இலண்டன் நாளிதழ் ஒன்றில், ஆல்ப்ஸ் மலையின் சமோனிப் பள்ளத்தாக்கிலே ஞாயிறு தோன்றுமுன் பாடிய துதியாகக் கோல்ரிட்ஜின் பாட்டொன்று வெளியாயிற்று. அப்பள்ளத்தாக்கின் இயல்புகளைக் கண்டறிந்தவர் போன்ற குறிப்பும் அதனுடன் இருந்தது. கோல்ரிட்ஜோ அவ்விடத்திற்கு ஒருபோதும் சென்றவரல்லர். ஜேர்மன் மொழியிற் பாடிவந்த பிரெடரிக்கா புரூன் என்னும் பெண்பாற் புலவர் அதே பள்ளத்தாக்கின் காலைப்பொழுதைப் பற்றி 1791இல் இயற்றிய சிறுபாட்டே இதற்கு மூலம். கோல்ரிட்ஜின் பாட்டு அதனினும் பன்மடங்கு நீண்டது, அழகும் மிக்கது. ஆயினும், மூலத்தின் போக்கும் வினாக்களும் உருவகங்களும் அதனுட் புகுந்திருந்தன. புரூனின் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை.

1817இல் அவர் தமது இலக்கிய வாழ்க்கை வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார். ஆங்கிலத் திறனாய்வின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக அது இன்றும் கருதப்படுகின்றது. நோயும் அபின் பழக்கமும் வருத்திய 1815ஆம் ஆண்டில், நண்பர் ஒருவரைக்கொண்டு எழுதுவித்த நூல் அது. கற்பனை ஆற்றலைப் பற்றிய மெய்யியற் கருத்துக்களை அதன் முதற்பாகத்தில் விளக்குகின்றார். அப்பகுதிகள் சிலவற்றில், ஷெல்லிங் என்னும் ஜேர்மன் மெய்யியலாளர் 1800இல் வெளியிட்ட நூலிலிருந்தும் பிற நூல்களிலிருந்தும் வாக்கியங்கள், பத்திகள், தொடர்ச்சியான பக்கங்கள் என மொழிபெயர்த்து எடுத்திருந்தார். உளத்தின் இயைபு பற்றிய வரலாறு கூறும் பகுதியில் மாஸ் என்னும் மற்றொரு ஜேர்மானியரின் நூலை அவ்வாறே பயன்படுத்தினார். மாஸின் பெயரை ஓரிடத்திற் கூறினாரேனும், அவருக்குப் பட்ட கடனின் அளவை வெளிப்படுத்தவில்லை.

ஷெல்லிங்கின் பெயரை அவர் முற்றாக மறைத்தாரென்பதும் பொருந்தாது. நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஷெல்லிங்கைப் பெரிதும் புகழ்கின்றார். தம் கருத்தும் அவர் கருத்தும் ஒத்திருப்பின், அது ஒரே பள்ளியிற் பயின்றோரிடையே நிகழும் ஒற்றுமை என்கின்றார். ஒத்திருப்பனவற்றையெல்லாம் ஷெல்லிங்குக்கே உரிமையாக்குக, ஆனால் இடந்தோறும் மேற்கோள் காட்டாமையைக் கொண்டு தம்மீது களவுக் குற்றஞ் சாட்டற்க என்றும் முன்கூட்டியே வேண்டிக்கொள்கின்றார். இவ்வேண்டுகோளே வழக்கின் முடிச்சாகும். வழி கூறியதுபோலவும் இருக்கின்றது, கூறாததுபோலவும் இருக்கின்றது. நூலைக் கற்பவன் ஒரு குறித்த பக்கத்தைப் புரட்டும்போது, அது கோல்ரிட்ஜின் சிந்தனையோ, ஷெல்லிங்கின் மொழிபெயர்ப்போ என்பதை அறிய வழியில்லை.

கோல்ரிட்ஜ் 1834ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். இரண்டு மாதங்கள் கழிவதற்குள், செப்ரெம்பர் மாதத்தில், எடின்பரோவில் வெளியான திங்களிதழொன்றில் தோமஸ் டி குயின்சி இவற்றுட் சிலவற்றை வெளிப்படுத்தினார். அவர் கோல்ரிட்ஜின் பகைவரல்லர். 1807இல், இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்தபோது, வறுமையுற்றிருந்த கோல்ரிட்ஜுக்குத் தம் பெயர் தெரியாமல் 300 பவுண் கொடுத்துதவியவர். அவர் புரூனின் பாட்டையும் ஷெல்லிங்கின் பகுதியையும் சுட்டிக் காட்டினார். ஆனால், வலிய சான்றோடு மெலிய சான்றையும் கலந்துவிட்டார். கடற்பறவையைக் கொன்ற மாலுமியின் கதை, ஷெல்வொக் என்னும் கப்பல் தலைவர் 1726இல் எழுதிய பயண நூலிலிருந்து வந்ததென்பதையும் ஒரு குற்றமாகவே சேர்த்தார். பயண நூலிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கவிஞன் காவியமாக்குதல் எக்காலத்தும் நடப்பது. அதனைக் களவெனின் உலகில் கவியே இராது. மேலும், ஷெல்லிங்கின் நூற்பெயரையும் அவர் தவறாகக் குறித்தார். கோல்ரிட்ஜின் அன்பர்கள் அத்தவறுகளைப் பற்றிக்கொண்டு மறுப்பெழுதினர். உண்மையான வழக்கு, சாட்டியவரின் கவனக்குறைவினால் தளர்ந்தது.

1840ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஜேம்ஸ் ஃபெரியர் என்னும் ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் அவ்வழக்கைத் திருத்தமாக நடத்தினார். டி குயின்சியின் பிழைகளை அவரே எடுத்துக் கூறிவிட்டு, கோல்ரிட்ஜின் நூலையும் ஷெல்லிங்கின் நூல்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். இன்ன பக்கத்தின் இன்ன பகுதி இன்ன இடத்திலிருந்து வந்தது என்று காட்டினார். அவருடைய சொற்கள் கடுமையானவை; சில இடங்களில் வரம்பு மீறியவை. ஆயினும், அவர் தந்த பட்டியலை எவராலும் மறுக்க முடியவில்லை.

அப்பொழுதுதான் இவ்வழக்கின் மிக உயர்ந்த பகுதி தொடங்கிற்று. கோல்ரிட்ஜின் மகள் சாரா 1802இல் பிறந்தவர். தந்தை குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தமையால், பத்தாண்டுக் காலம் அவரைக் காணாமலே வளர்ந்தவர். பல மொழிகளைத் தம் முயற்சியாற் கற்று, இருபது வயது நிறையுமுன்னே தென்னமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிய இலத்தீன் நூலொன்றை மூன்று பாகங்களாக மொழிபெயர்த்து வெளியிட்டவர். அவருடைய கணவர் ஹென்றி நெல்சன் கோல்ரிட்ஜ், மாமனாரின் நூல்களைப் பதிப்பித்து வந்தார். அவர் 1843இல் இறக்கவே, முடிவுறாத பணி சாராவின் கைக்கு வந்தது. இலக்கிய வாழ்க்கை வரலாற்றின் புதிய பதிப்பு அவற்றுள் ஒன்று.

தந்தையின் புகழைக் காக்க விரும்பிய மகளுக்கு முன்னே எளிய வழிகள் பல இருந்தன. ஃபெரியர் சுட்டிய பகுதிகளை நீக்கிவிடலாம், பேசாது விட்டுவிடலாம், குற்றஞ் சாட்டியவரை மாத்திரம் வைது எழுதலாம். சாரா இவற்றுள் எதையும் செய்தாரல்லர். தாமே ஜேர்மன் நூல்களை எடுத்து, தந்தையின் நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். கடனாகப் பெற்ற பகுதிகளின் அடியிலே, அவை எந்த ஆசிரியரின் எந்த நூலில் எவ்விடத்துள்ளவை என்பதைக் குறிப்புக்களாக அச்சிட்டார். 1847இல் வெளிவந்த அப்பதிப்பைக் கையிலெடுப்போர், மேலே கோல்ரிட்ஜையும் கீழே ஷெல்லிங்கையும் ஒருங்கே காணலாம்.

அதே பதிப்பின் நீண்ட முன்னுரையில் அவர் தந்தைக்காக வழக்காடவும் செய்தார். நோயும் ஒழுங்கின்மையும் தந்தையின் எழுத்துமுறையைக் கெடுத்தன என்றார். பிறர் பொருளாற் புகழ்தேடும் எண்ணம் அவர்பால் இருந்ததில்லை என்று வாதித்தார். ஃபெரியரின் கடுமை நேர்மையற்றது என்று சாடினார். அவர் வாதங்களை ஏற்போரும் உளர், ஏலாதாரும் உளர். ஆனால், ஏலாதாருக்கும் வேண்டிய சான்றுகளை அவரே கையிற் கொடுத்தார். தந்தையின்மேற் கொண்ட அன்பும் உண்மையின்மேற் கொண்ட அன்பும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே நூலின் ஒரே பக்கத்தில் நிற்கக்கூடும் என்பதை அப்பெண்மணி செய்து காட்டினார். தந்தை கூறாது விட்ட வழியை, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின் மகள் கூறினார். சாரா 1852இல், ஐம்பது வயதை நிறைக்குமுன்னே காலமானார்.

பொருளுக்குரியவரான ஷெல்லிங் யாது கூறினார் என்பதும் அறியத்தக்கது. பெர்லின் நகரில் புராணவியல் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் அவர் மறைவுக்குப்பின் 1856இல் நூலாயின. அதில் கோல்ரிட்ஜ் ஆக்கிய ஒரு சொல்லைத் தாம் எடுத்தாளுவதாக வெளிப்படையாகக் குறித்து, தம் நூல்களிலிருந்து கோல்ரிட்ஜ் எடுத்தவற்றைத் தாம் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பதாகவும், அவர் நாட்டவர் அவரை வேண்டிய அளவுக்கு மேலாகக் கடிந்துகொண்டனர் என்றும் எழுதினார். இழந்தவர் மன்னித்தார். எனினும், இழந்தவர் மன்னிப்பதனால் எடுத்தவர் கணக்குத் தீர்ந்துவிடாது. நூலைப் படித்த வாசகர்க்கும் உண்மை அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமையை மன்னிக்கும் அதிகாரம் ஷெல்லிங்குக்கு இல்லை.

இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1969இல் தோமஸ் மக்பார்லண்ட், கோல்ரிட்ஜின் சிந்தனை பிறர் கருத்துக்களை இணைத்துக் கட்டும் ஒரு தனிமுறை என்று விளக்கினார். 1971இல் நோமன் புருமன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், கோல்ரிட்ஜ் வாழ்நாள் முழுவதும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டதோடு அதனை மறைக்கவும் முயன்றார் என்பதைப் பெருநூலொன்றில் நிறுவ முயன்றார். 1983இல் வெளிவந்த அறிஞர் பதிப்பு, கடன்பெற்ற இடங்களை அடிக்குறிப்புக்களில் விரிவாகக் காட்டிற்று. சாரா தொடங்கிய பணியின் வளர்ச்சியே அது. முதலிற் குற்றஞ் சாட்டிய டி குயின்சியும் சோதனைக்குத் தப்பவில்லை. அவருடைய கட்டுரைகள் பல, பெரும்பாலும் பிறர் நூல்களை மாற்றி எழுதியவை என்பதை அல்பேட் கோல்ட்மன் 1965இல் ஓர் ஆராய்ச்சி நூலில் எடுத்துக்காட்டினார். இதனால் டி குயின்சி கோல்ரிட்ஜைப் பற்றிக் கூறிய உண்மை பொய்யாகிவிடவில்லை. சாட்டுபவர் தூயவரல்லர் என்பது சாட்டப்பட்டவர்க்கு விடுதலையாகாது. இருவர் கணக்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டியவை.

இவ்வழக்குகளை ஒருங்கு வைத்து நோக்கின், புகழ்பெற்ற ஆசிரியரைப் பொறுப்புக் கூறச் செய்யும் முறை தெளிவாகும். முதலாவது, சான்று செவிவழிச் செய்தியாக இருத்தல் கூடாது. நூலோடு நூல் ஒப்பிடப்படல் வேண்டும். இரண்டாவது, ஒப்பிட்டுக் காட்டுபவரின் மேற்கோளும் மூலத்திற் சென்று சரிபார்க்கப்படல் வேண்டும். இல்லையேல் லோடர் போன்றோர் மில்றன் போன்றோரை வீழ்த்திவிடுவர். மூன்றாவது, கருத்தின் சாயலையும், கதையின் வித்தையும், சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பையும் ஒரே நிறையில் வைத்தலாகாது. நான்காவது, குற்றம் உறுதியாயின் அதன் அளவு எதுவோ அவ்வளவிற்கே பொறுப்புச் சுமத்தல் வேண்டும். ஷெல்லிங்கிலிருந்து எடுத்த பக்கங்கள் கோல்ரிட்ஜுடையன அல்ல. ஆனால் மாலுமியின் பாட்டு அவருடையதே. ஒன்றிற் பிழைசெய்தமையால் மற்றொன்றின் உரிமையைப் பறித்தல் நீதியன்று.

சட்டம் இவ்வகையிற் செய்யக்கூடியது சிறிதே. ஆங்கில நாட்டில் 1710இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், நூலை அச்சிட்டு விற்கும் உரிமையைக் குறித்த காலத்திற்குக் காத்ததேயன்றி, வழி கூறாமையைக் குற்றமாக வகுக்கவில்லை. கோல்ரிட்ஜ் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்பட்டாரல்லர். அவரைப் பொறுப்புக் கூறச் செய்தோர் கற்றோரும் பதிப்பாசிரியரும் வாசகருமேயாவர். அலெக்சாந்திரியாவில் மன்னன் செய்த வேலையை, பிற்காலத்தில் படிக்கும் மக்களே செய்யவேண்டியவராயினர். அதற்கு வேண்டியது பகையன்று, அச்சமுமன்று. இரண்டு நூல்களையும் அருகருகே விரித்து வைக்கும் பொறுமையே வேண்டியது.

பிரெடரிக்கா புரூன் 1835ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகன் நகரில் இறந்தார். அவருடைய பாட்டு இன்று பெரிதாகப் படிக்கப்படுவதில்லை. ஆயினும், கோல்ரிட்ஜின் சமோனித் துதியை அச்சிடும் நல்ல பதிப்புக்கள், அதன் கீழே புரூனின் பெயரைக் குறிக்கத் தவறுவதில்லை. அதனைக் கண்ட பின்னரும் கற்போர் மேலுள்ள பாட்டை விரும்பியே படிக்கின்றனர். 1802இல் அக்கவிஞர் ஒரு வரியில் எழுதியிருக்கக்கூடிய பெயர் அது.